வெள்ளிக்கிழமைச் சிரிப்பு

நான் நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்த படங்கள் குப்பைகள். அவற்றை வெறுக்கிற ஒருவன் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, துடைத்து, அலுமாரியில் அடுக்கிப் பாதுகாத்தவன் சொல்கிறேன். கல்லறையைப் பிளந்துகொண்டு எழும்புகிற பெண்ணின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய தழும்பு வெள்ளையாகத் தெரியும். வெட்டி விழுத்திய தலை, கமரா விலகுவதற்கு முன் ஒருமுறை கண் சிமிட்டும். பறந்து வருகிற வௌவாலை விட அதைத் தாங்குகிற நூல் தெளிவாக விழும். இரத்தம் மட்டும் போதாது என்று தயாரித்தவருக்கு இடைக்கிடை பயம் வந்துவிடும், அப்போது யாராவது ஒரு பெண் காரணம் எதுவும் இல்லாமல் குளிக்கப் போவாள். பயத்தையும் உடம்பையும் ஒன்றாகப் பொட்டலம் கட்டி விற்ற வியாபாரம் அது. விற்றவர்கள் அதை மறைக்கவும் இல்லை.

பிற்காலத்தில் படித்தவர்கள் சிலர் இவற்றுக்குக் ‘கல்ட்’ படங்கள் என்று கௌரவமான ஒரு பெயர் வைத்தார்கள். எல்லோரும் எறிந்துவிட்டதை ஒரு சின்னக் கூட்டம் மட்டும் சாமிப்படம் போல வைத்துக் கும்பிடுவது என்று அதற்குப் பொருள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். புத்தூரில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியரின் வீட்டில் இப்படி ஒரு கும்பிடு நடந்தது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் அதில் அசிங்கம் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். வீடியோ டெக்கையும் ரீவியையும் வாடகைக்கு எடுத்து ஊரே கூடிப் படம் பார்த்த காலத்தில், இரண்டு தமிழ்ப் படம் ஓடி முடிந்து, பிள்ளைகள் பாயில் நித்திரையான பிறகு, கடைசியாக ஒரு இங்கிலிஷ் பேய்ப்படம் போடுவார்கள். கடைக்காரன் கணக்குக்குத் தள்ளிவிட்ட கசெட் அது. பெட்டியில் ஒரு படத்தின் பெயரும் உள்ளே வேறு ஒரு படமும் இருக்கும். பிறகு மின்சாரம் இல்லாத வருடங்கள் வந்தன. மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றரின் இரைச்சலுக்குள் அதே படங்களைப் பார்த்தோம். பகலில் சந்தியில் கிடக்கிற உடலைச் சைக்கிளில் விலத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற நாட்கள் அவை. என்னோடு படிப்பித்த ஒருவர் கேட்டார்:

“இவ்வளவையும் கண்ணாலை பார்த்துப்போட்டு, உதையும் பார்க்க உமக்கு மனம் வருதோ?”

“அதிலை இருக்கிறது பெயின்ற்,” என்றேன்.

அந்தப் படங்களைப் பற்றி நான் நேர்மையாகச் சொன்னது அந்த ஒன்றைத்தான். பொய் இரத்தத்தைப் பார்ப்பது அப்போது ஓர் ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு நான் சொன்னவை எல்லாம் கெட்டித்தனம்.

கெட்டித்தனம் ஓய்வுக்குப் பிறகுதான் முற்றியது. மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். வீடியோக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, அவர்கள் எறியவிருந்த கசெட்டுகளைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்கத்தைக் காற்றுக்குக் கசெட்டுக்குள் இருக்கிற ரேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். மூடியைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிற் தொட்டு, ரேப்பைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். ஒரு கசெட்டுக்கு அரை நாள் போகும். பொம்மை வௌவாலுக்காக என் அரை நாட்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் இதற்கென்றே கூடுகிற கூட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். எங்கோ குளிர் நாட்டில் இருக்கிற, என் பேரன் வயதுக்காரர்கள் என்னை மேதை என்றார்கள். எந்தப் படத்தில் எந்தக் கதவு அட்டையால் செய்தது என்று நான் எழுதினால், நூறு பேர் நன்றி சொல்வார்கள். முப்பது வருடம் வகையிடலும் தொகையிடலும் படிப்பித்ததற்கு அவ்வளவு பேர் நன்றி சொன்னதில்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டம் வந்தது. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், லண்டனில் கடை நடத்திவிட்டுத் திரும்பி வந்து காணி வாங்கியவர் ஒருவர், நான். வெள்ளிக்கிழமையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். ஊர் மச்சம் மாமிசம் தொடாது, கோயிலுக்குப் போகிற நாளில், பின்னேரம் மூன்று மணிக்கு யன்னல்களைச் சாத்திக்கொண்டு மனிதன் மனிதனைத் தின்கிற படம் பார்ப்பதில் ஒரு புரட்சி இருப்பதாக நினைத்தோம். அறுபது, எழுபது வயதில் செய்கிற புரட்சி. வங்கி முகாமையாளர் வரும்போது நெற்றியில் திருநீறும் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் பயப்படுவதற்காக யாரும் படம் பார்க்கவில்லை. சிரிப்பதற்காகப் பார்த்தார்கள். அதுவும் எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு அல்ல. பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மூக்கால் விடுகிற சிரிப்பு. யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி. நான்தான் பெரும்பாலும் வெல்வேன்.

“மாஸ்டர், உதை ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ,” என்பார் பல் வைத்தியர். “அந்தப் பிரேதம் மூச்சு விடுது.”

“பிரேதத்துக்கு வியர்க்குது, அதைப் பார்க்கேல்லையோ?” என்பேன்.

எல்லோரும் மேசையில் தட்டிச் சிரிப்பார்கள். நடித்தவள் யார், அன்றைக்குச் சாப்பிட்டாளா, கூலி கொடுத்தார்களா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மட்டமான படத்தில் நடித்தபடியால் அவளும் மட்டம் என்பது பேசாமலே ஏற்றுக்கொண்ட விதி.

என்னிடம் வேலை செய்கிற டெக் ஒன்று இருந்தபடியால், ஊரவர்கள் தங்கள் பழைய கசெட்டுகளையும் கொண்டுவருவார்கள், கொம்பியூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி. கலியாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கூடுதலாகச் செத்தவீடு. வெளியூர் வாசகர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு வீடியோக்காரரைப் பிடிப்பது, ஐயரையும் பறையையும் பிடிப்பது போல ஒரு காரியம். மகன் கனடாவில் இருப்பான், மகள் பிரான்சில் இருப்பாள். விசா இல்லை, யுத்தத்தில் பாதை பூட்டு, பாதை திறந்தால் லீவு இல்லை. வர முடியாதவர்களுக்காகத்தான் கமரா வருகிறது. முகத்தை நெருக்கிக் காட்டும். உரலில் சுண்ணம் இடிக்கிற சடங்கைக் காட்டும். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதைக் காட்டும். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, ஆகவே வாசல் படலையடியில் அவர்கள் விழுந்து அழுவதைக் காட்டிவிட்டுக் கமரா ஆண்களோடு சுடலைக்குப் போகும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போன வருடம் சித்திரை மாதம், என் தங்கை ஒரு கசெட்டைக் கொண்டுவந்தாள். எனக்கு இருக்கிற கூடப்பிறப்பு அவள் ஒருத்திதான். அடுத்த ஒழுங்கையில் தனியாக இருக்கிறாள். அவளுடைய கணவர் யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில் இறந்தார். ஒரே மகன் அப்போது சுவிஸில், கையில் ஒழுங்கான பத்திரம் இல்லாமல், வந்தால் திரும்பிப் போக முடியாத நிலையில். கொள்ளி வைத்தது அவருடைய தமையனின் மகன். கசெட்டில் ஒரு பிரதி எடுத்து மகனுக்கு அனுப்பினார்கள். அவன் அதைப் பார்க்கவில்லை. வேறு ஒருவன் தன் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பதைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டான். பிறகு வீடு மாறி மாறி அந்தப் பிரதி தொலைந்தது. பத்திரம் கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், ஆனால் அவன் ஊருக்கு ஒருமுறைகூட வரவில்லை. கேட்டால் லீவில்லை என்பான்.

“அண்ணை, இதை ஒருக்கா மாத்தித் தருவியளோ?” என்றாள். கசெட்டைச் சேலைத்துண்டு ஒன்றில் சுற்றி வைத்திருந்தாள்.

“என்ன திடீரெண்டு?”

“தம்பி கேட்டவன். தானாக் கேட்டவன், நான் ஒண்டும் சொல்லேல்லை. அப்பான்ரை கசெட் இருக்கோ அம்மா, பார்த்திட்டு வாறன் எண்டவன்.”

“எங்கை வாறனாம்?”

“இஞ்சைதான். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்துக்கு. தேப்பனுக்கு இன்னும் ஒருக்காலும் அவன் பிதிர்க்கடன் செய்யேல்லை, தெரியுந்தானே.” சேலைத்துண்டை அவிழ்த்தாள். “பூஞ்சணம் பிடிச்சிருக்கும். கெடுத்துப் போடாதேங்கோ. இதைப் பார்த்தாத்தான் வருவான்.”

“வைச்சிட்டுப் போ,” என்றேன்.

அவளுக்கு அந்தக் கசெட்டில் என்ன இருந்தது என்று எனக்கு முழுவதும் விளங்கியது. இருபது வருடத்துக்கு மேலாக வராத மகன் வருவதும் வராததும் அதில்தான் இருந்தது. விளங்கிக்கொண்டுதான் அடுத்த நாள் அதைத் துடைத்து டெக்கில் போட்டேன்.

முதல் நிமிடத்திலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மைத்துனரின் படம் ஒரு தாமரைப் பூவுக்குள் சுழன்று வந்தது. அதற்குப் பின்னால் ஓர் இசை. தேவாலய ஓர்கனில் மூன்று தடித்த சுரங்கள், பிறகு ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். எனக்கு அந்த இசை தெரியும். அலுமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிற ஒரு படத்தில், நீரில் அமுக்கிக் கொல்லப்பட்ட மணப்பெண் குளத்திலிருந்து ஈரத்தோடு எழும்பும்போது வருகிற இசை. வீடியோக்காரர், பாவம், எங்கள் ஊர்க் கடையில் எடுத்த பேய்க் கசெட்டிலிருந்து அதை அப்படியே உருவிச் செத்தவீட்டுக்குப் போட்டிருக்கிறார். சோகமாக இருக்கிறதே என்று போட்டிருப்பார். பிரேதத்தின் முகத்தை நெருக்குகிற ஒவ்வொரு தடவையும் படத்தில் ஒட்டிய மின்னல் வேறு வெட்டியது.

நான் தனியே இருந்து சிரித்தேன். அதையாவது மன்னிக்கலாம். ஆனால் என் சந்தோஷத்துக்குக் காரணம் சிரிப்பு அல்ல. கண்டுபிடிப்பு. உலகத்தில் எவனுக்கும் கிடைக்காத ஒரு பொருள் என் கையில் கிடைத்துவிட்டது. தங்கை கேட்டது இரண்டு மணி நேர வேலை. அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருக்கலாம். நான் வெள்ளிக்கிழமை வரை வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் வந்தார்கள். யாருடைய செத்தவீடு என்று நான் சொல்லவில்லை. லண்டன்காரருக்கு ஊர் முகங்கள் தெரியாது. மற்ற இருவரும் யாழ்ப்பாணப் பட்டினத்து ஆட்கள். முதலில் குளத்து மணப்பெண்ணைப் போட்டேன். பிறகு, “இதே இசை இன்னொரு இடத்திலையும் இருக்கு, கேளுங்கோ,” என்று என் மைத்துனரைப் போட்டேன்.

நான் எதிர்பார்த்த வெற்றி கிடைத்தது. தாமரைப் பூவுக்கே லண்டன்காரர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பல் வைத்தியர் போனை எடுத்து ரீவிக்கு நேரே பிடித்தார்.

“மாஸ்டர், உம்மட்டை இருக்கிற சரக்குகளிலை இதுதான் முதலாந்தரம்,” என்றார் வங்கி முகாமையாளர்.

பிறகு அந்த இடம் வந்தது. பெட்டியின் தலைமாட்டில் என் தங்கை. முடி கலைந்து, பக்கத்தில் இருந்த பெண்கள் பிடிக்கப் பிடிக்க உதறிக்கொண்டு, நேரே கமராவுக்குள் பார்த்தாள். பார்த்துச் சொன்னாள்:

“ராசா, பார் ராசா. அப்பா படுத்திருக்கிறார் பார். உன்ரை கையாலை வாய்க்கரிசி வாங்கேல்லையெண்டு படுத்திருக்கிறார் பார்.”

மின்னல் வெட்டியது. ஓர்கன் இடித்தது. கமரா அவள் வாய்க்குள் போய்விடுவது போல நெருங்கியது. நான் என் வகுப்பறைக் குரலில் சொன்னேன்:

“கவனிச்சீங்களோ, கதாநாயகி கமராவைப் பார்க்கிறா. டைரக்டர் வெட்ட மறந்திட்டார்.”

யன்னல் கண்ணாடி அதிரச் சிரித்தோம். என் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் நீளமானது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிறகு அதைப் போனில் கேட்டேன்.

பல் வைத்தியர் எடுத்த துண்டு ஒரு நிமிடம்கூட வராது. அதைத் தன்னோடு படித்தவர்களின் வட்சப் குறூப்பில் போட்டார். அங்கிருந்து பாரிஸுக்குப் போனது. பாரிஸில் ஒருவர் புத்தூர்ப் பெண்ணைக் கட்டியவர், அவர் மனைவிக்கு முகம் தெரிந்துவிட்டது. அடுத்த கிழமை அது சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. என் மருமகன் தன் தகப்பனின் இறந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தது அந்தத் துண்டில்தான். தாய் தன்னைக் கூப்பிட்டதைக் கேட்டதும் அதில்தான். அதற்கு மேல் என் குரல்.

தங்கை ஒரு காலையில் வந்தாள். வாசலிலேயே நின்றாள். போனை நீட்டி, துண்டை முழுவதும் ஓட விட்டாள். முடிந்ததும் போனை மடிக்குள் வைத்தாள்.

“தம்பி வரமாட்டானாம்,” என்றாள்.

நான் கதிரையை அவள் பக்கம் இழுத்தேன்.

“நான் கதாநாயகியோ அண்ணை?”

“பிள்ளை, அது...”

“கமராவைப் பார்த்தனான்தான். வேறை எதைப் பார்க்கிறது? அவன் அதுக்குள்ளைதானே இருந்தவன்.”

அவள் சத்தம் போடவில்லை. எனக்கு அவள் முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அவள் என்னை ஒரு மட்டமான பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஆயிரம் வெள்ளிக்கிழமை அதே பார்வையால்தான் நான் மற்றவர்களைப் பார்த்தேன்.

நண்பர்களுக்கு விஷயத்தைச் சொன்னேன். பல் வைத்தியர், “நான் எங்கடை குறூப்பிலைதானே மாஸ்டர் போட்டனான், வெளியிலை போடேல்லையே,” என்றார். வங்கி முகாமையாளர், “கொஞ்ச நாளிலை மறந்திடுவினம், நீர் பெரிசுபடுத்தாதையும்,” என்றார். லண்டன்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை என்ன படம் என்று கேட்டார். இவர்களைக் கேவலமானவர்கள் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுதினால் பாதி உண்மைதான். அந்தக் கசெட்டை டெக்கில் தள்ளியது அவர்களுடைய கை இல்லை. அன்றோடு வெள்ளிக்கிழமைகளை நிறுத்தினேன். நிறுத்தியதற்கு எந்தப் பெருமையும் இல்லை. ஒருவரும் வற்புறுத்திக் கேட்கவும் இல்லை. இப்போது லண்டன்காரர் வீட்டில் நடக்கிறது என்று கேள்வி. திரையும் பெரிதாம்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை மறுபடி வந்தாள். கசெட்டைக் கேட்டு வந்தாள் என்று நினைத்து எடுத்து வைத்திருந்தேன்.

“மாத்தித் தாங்கோ,” என்றாள். “பட்டினத்திலை கேட்டுப் பார்த்தன். ஒருத்தரட்டையும் டெக் இல்லை. அவன் முழுசையும் பார்க்கவேணும். அந்தத் துண்டோடை விடேலாது.”

மாற்றும்போது தான் பக்கத்தில் இருக்கப் போவதாகச் சொன்னாள். அவள் காரணம் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தேவையில்லை. வீட்டுக்குள் வந்த திருத்துவேலைக்காரன் ஏதாவது எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்திருப்பது போல இருந்தாள். கசெட் ஓடுகிற வேகத்தில்தான் மாற்ற முடியும், அவசரப்படுத்த முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நானும் அவளும் அவளுடைய கணவரின் செத்தவீட்டைப் பார்த்தோம். ஐயர் வந்தார். சுண்ணம் இடித்தார்கள். இறந்துபோன என் மனைவி பந்தம் பிடிக்கிற, தமையன் வீட்டுப் பேரப்பிள்ளைகளை வரிசைப்படுத்தினாள். அதே ஓர்கன், அதே மூச்சு. படலையடி வந்தபோது தங்கை முகத்தைத் திருப்பவில்லை. நான் திருப்பினேன்.

முடிந்ததும், ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் சொன்னேன்: “அந்த மியூசிக்கை என்னாலை எடுத்துவிடேலும். மின்னலையும். சுத்தமாக்கித் தாறன்.”

“ஏன்?”

“அது பேய்ப்பட மியூசிக், பிள்ளை.”

“அது உங்களுக்குத்தான் தெரியும்,” என்றாள். “எங்களுக்கு அது செத்தவீட்டு மியூசிக்.”

நான் அதை அப்படியே விட்டேன். அந்த வீடியோக்காரர் திருடியது ஒரு மட்டமான படத்தின் இசை. அதைக் கேட்டுக் கேட்டு ஊரில் எத்தனையோ வீடுகள் அழுதிருக்கின்றன. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன். அந்த ஒரு தகவலால் என்னால் அழ முடியாமல் போனது.

முழுப் படமும் சுவிஸுக்குப் போனது. பதில் வரவில்லை. வைகாசி போய் ஆனி போனது. தங்கை என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சண்டை பிடித்து நிறுத்தவில்லை. ஒழுங்கையில் கண்டால் யாரோ தெரியாத பெரியவருக்கு வழிவிடுவது போல விலகி நிற்பாள். மகன் வரவில்லை என்றால் அவள் சாகும்வரை இப்படித்தான் என்று எனக்குத் தெரிந்தது. அதைவிட, அவள் அந்த மகனைப் பார்க்காமலே சாவாள் என்பதும். அவளுக்கு எழுபத்திரண்டு வயது, சீனி வியாதி. கண் ஒன்று மங்கிவிட்டது.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் என் படலை திறக்கிற சத்தம் கேட்டது. ஐம்பதை நெருங்கிய, தலை நரைக்கத் தொடங்கிய ஒருவன். நடை அப்படியே மைத்துனருடையது. பின்னால் தங்கை. அவன் வந்து நாலு நாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

“இருங்கோ தம்பி,” என்றேன். அவனை நான் நீங்கள் போட்டுக் கதைத்ததே இல்லை. வாயில் அப்படித்தான் வந்தது.

அவன் இருந்தான். தங்கை உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“அந்தச் சிரிப்பு உங்கடையோ மாமா?”

“ஓம்.”

“மற்றாக்களின்ரை எண்டு நினைச்சன். அம்மாதான் சொன்னவ, இல்லை, அண்ணையின்ரை எண்டு.”

“என்ரைதான்.”

அவன் அலுமாரியைப் பார்த்தான். அதில் இருந்த நூற்றுக்கணக்கான கசெட் முதுகுகளையும் அவற்றில் என் அழகான கையெழுத்தையும்.

“முழுசையும் தனியப் பார்க்க ஏலாமல்தான் வந்தனான். எந்த இடத்திலை சிரிச்சனீங்கள்? போட்டுக் காட்டுங்கோ.”

கொம்பியூட்டரில் இருந்த பிரதியைப் போட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திரையில் தங்கை முடி கலைந்து கமராவைப் பார்த்தாள். பார் ராசா என்றாள். மருமகன் கதிரையில் முன்னுக்குக் குனிந்து, யாருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாமல் சொன்னான்:

“பார்க்கிறன் அம்மா.”

அவன் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் நானும் நிறுத்தவில்லை. வாய்க்கரிசி, பெட்டி மூடுவது, பறை. பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் மின்னல் மூன்று தரம் வெட்டியது. வானம் வெளித்துக் கிடக்கிற பங்குனி வெயிலில், நீல நிறத்தில், தூக்குகிறவர்களின் தலைக்கு மேல். மருமகனின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன்.

“அம்மா, உது என்ன மின்னல்?”

“நான்தான் போடச் சொன்னனான்,” என்றாள் தங்கை வாசலில் நின்றபடி. “மேற்குப் பக்கத்து வீட்டுக் கசெட்டிலை இருந்தது. அவையளுக்குப் போட்டனீ, எங்களுக்கும் போடு எண்டனான்.”

“அப்பா இருந்திருந்தால் சிரிச்சிருப்பார்.”

“கொப்பரோ? கொப்பர் வீடியோக்காரனைத் துலைச்சிருப்பார்.”

இருவரும் சிரித்தார்கள். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரே மின்னல்தான், ஒரே திரைதான். பிழையைக் கண்டுபிடிப்பதில் நாற்பது வருடப் பயிற்சி உள்ள நான் அந்த அறையில் சிரிக்க முடியாமல் இருந்தேன்.

சுடலைக் காட்சி வந்தது. தமையனின் மகன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தான். மருமகன் சிரிப்பை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு கொள்ளி வைக்கும் வரை பார்த்தான். பிறகு எழும்பினான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆயத்தம் செய்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

“பிழை விட்டிட்டன் தம்பி,” என்றேன். அவ்வளவுதான் தமிழில் வந்தது.

அவன் தலையை ஆட்டினான். ஏற்றுக்கொண்டானா, கேட்டது என்று காட்டினானா, தெரியாது. வாசலுக்குப் போய்த் தாயிடம் கேட்டான்:

“விடியக் கீரிமலைக்கு மாமாவும் வரலாந்தானே?”

தாய்மாமன் கூடப் போவதுதான் முறை. தங்கை என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“வானுக்குள்ளை இடமில்லை.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான், “ஓம், இடம் காணாதுதான்,” என்றேன்.

விடிய ஆறு மணியளவில் அவர்களுடைய வான் என் படலையைக் கடந்து போனது. நான் குளித்து, வேட்டி கட்டி, படலையடியில் நின்றேன். முன் சீற்றில் சாரதியும் மருமகனும். நடுச் சீற்றில் தங்கை, மடியில் தர்ப்பைப்புல்லும் எள்ளும் வைத்த பனையோலைப் பெட்டியோடு. மற்றச் சீற்றுகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.